ஆபீஸ் போக மிச்ச நேரத்தில் சிஎஃப்ஏ

எங்கள் டீமில் இருக்கும் தம்பி ஒருவர், சிஎஃப்ஏ என்ற மூன்று நிலை நிதித்துறைத் தேர்வின் முதல் நிலையில் இரண்டாவது முறையும் தவறிவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார். "தினமும் ராத்திரி ரெண்டு மணி நேரம் படிச்சேன் சார், அதுக்கு மேல முடியல" என்றார். புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். நான்கு நிறங்களில் கோடு. சில பக்கங்களில் கோடு விழாத வரியே இல்லை. பயிற்சிக் கேள்விகள் எத்தனை போட்டீர்கள் என்று கேட்டேன். பாடம் முழுவதும் முடிந்த பிறகு போடலாம் என்று வைத்திருந்தாராம். முடிந்தபோது தேர்வுக்கு ஒன்பது நாள்தான் பாக்கி.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. இரண்டாம் நிலையில் நானும் ஒரு தடவை இப்படித்தான் கோட்டை விட்டேன்.

ஒரு நிலைக்குச் சுமார் 300 மணி நேரம் ஒதுக்கச் சொல்கிறது தேர்வை நடத்தும் சிஎஃப்ஏ இன்ஸ்டிட்யூட். ஆறு மாதம், 26 வாரம், வாரத்துக்குப் பதினொன்றரை மணி நேரம் என்று கணக்குப் போட்டுவிட்டு எல்லோரும் தெம்பாகத் தொடங்குகிறோம். ஆனால் அந்த ஆறு மாதத்தில் இரண்டு காலாண்டுக் கணக்கு முடிப்புகள் வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் காலி. மிஞ்சுவது 22 வாரம், அதாவது வாரத்துக்குப் பதின்மூன்றரை மணி நேரத்துக்கும் சற்று மேலே. இதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டு அட்டவணை போட்டால், குளோசிங் வாரத்தில் புத்தகத்தைத் தொடாததற்காகக் குற்ற உணர்ச்சியோடு அலைய வேண்டாம்.

அடுத்தது, எந்த நேரம் என்பது. பத்து மணி நேரம் எக்செல்லைப் பார்த்த கண்ணுக்கு ராத்திரி பத்து மணிக்கு டெரிவேடிவ்ஸ் போன்ற கஷ்டமான பாடம் ஏறாது. கோடு போடத்தான் முடியும். கை வேலை செய்வதால் படிப்பதுபோல இருக்கும், அவ்வளவுதான். எனக்குக் காலை ஐந்தரை முதல் ஏழு வரைதான் கைகொடுத்தது. காலையில் எழ முடியாதவர்கள் மதிய இடைவேளையில் பத்துக் கேள்வி போடலாம். ராத்திரியில் ஏற்கெனவே போட்ட தப்பை மட்டும் திரும்பப் பாருங்கள், புதுப் பாடம் வேண்டாம்.

முதல் நிலையில் 180 கேள்விகள். 90 கேள்விகள் வீதம் இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 135 நிமிடம். கேள்விக்கு ஒன்றரை நிமிடம் வருகிறது. அந்த வேகம் படித்து வராது, போட்டுத்தான் வரும். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விட வேண்டாம்.

வேலை பார்த்துக்கொண்டே எழுதுபவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது: "இது எனக்குத் தெரிந்ததுதானே" என்ற நினைப்பு. சரக்கிருப்பின் மதிப்பை ஒருமுறை குறைத்து எழுதியாகிவிட்டது, பிறகு விலை ஏறுகிறது. ஐஎஃப்ஆர்எஸ் என்ற சர்வதேசக் கணக்கியல் விதிப்படி, முன்பு குறைத்த அளவு வரை திருப்பி ஏற்றலாம். யுஎஸ் கேப் என்ற அமெரிக்கக் கணக்கியல் விதிப்படி கூடாது. ஐஎஃப்ஆர்எஸ் கணக்கிலேயே புழங்குகிறவர் கேள்வியின் கடைசி வரியைப் படிக்காமலே விடையைத் தட்டிவிடுவார். எதிக்ஸ், அதாவது தொழில் நெறி பகுதியில் இது இன்னும் மோசம். ஆபீஸில் எல்லோரும் சாதாரணமாகச் செய்கிற காரியம்தான் அங்கே மீறல் என்று நிற்கும். தேர்வு முடிந்த அன்றே வாட்ஸ்அப் குழுவில் "அந்தக் கேள்விக்கு என்ன போட்டே?" என்று கேட்பதே விதிமீறல், விசாரணை வரை போகலாம். முதல் நிலை தேறியதும் பெயருக்குப் பின்னால் 'சிஎஃப்ஏ லெவல் 1' என்று பட்டம்போலப் போட்டுக்கொள்வதும் அப்படித்தான்.

அப்புறம், கால்குலேட்டர். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பிஏ டூ பிளஸ், ஹெச்பி 12சி என்ற இரண்டு வகைதான் அனுமதி. பிஏ டூ பிளஸ்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் 2 + 3 × 4 போட்டுப் பாருங்கள். 20 என்று காட்டும். அது செயின் முறையில் இருக்கிறது, அடித்த வரிசையிலேயே கணக்குப் போடும். பெருக்கலை முதலில் செய்யும் ஏஓஎஸ் முறைக்கு மாற்றினால் 14 வரும். திரையின் மேல் ஓரத்தில் பிஜிஎன் என்ற சின்ன எழுத்துகள் தெரிந்தால், தவணைகளைக் காலத்தின் தொடக்கத்தில் வருவதாக எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். ஒரு கேள்விக்காக மாற்றிவிட்டு மறந்தால் அடுத்த நாலு கணக்கும் போச்சு. தேர்வன்று ஆபீஸ் மேசையிலிருந்து கால்குலேட்டரை இரவல் வாங்கிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். பேசிக்கொண்டே இருந்தபோதுதான் கவனித்தேன், அவர் எழுதிய இரண்டு தேர்வுமே பிப்ரவரி. எங்கள் கணக்கு ஆண்டு டிசம்பரில் முடிகிறது. ஜனவரி முழுக்க ஆடிட்டர்கள் கேட்கும் பேப்பரைத் தேடுவதிலேயே போய்விடும். கோடு போட்டதைவிட இதுதான் பெரிய தப்பு என்று எனக்குத் தோன்றியது. மே, ஆகஸ்ட், நவம்பரிலும் தேர்வு உண்டு. ஏன் பிப்ரவரி என்று கேட்டேன். "சீக்கிரம் முடிச்சிடலாம்னுதான் சார்." ஒரு நிலையை மொத்தம் ஆறு தடவைதான் எழுத முடியும், அதில் இரண்டு போய்விட்டது என்று சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். நவம்பருக்குப் பதிவு செய்வதாகச் சொன்னார். தேர்வுக்கு முந்தைய வாரத்துக்கான லீவு விண்ணப்பத்தை அன்றைக்கே மேனேஜரிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.