‘ரிசர்வ்’ அதிகாரி: ஒதுக்கப்பட்டவரா, இருப்பில் கிடப்பவரா?

அமெரிக்க ராணுவச் செய்தி எதையாவது தமிழில் படித்தால் ‘ஒதுக்கப்பட்ட விமானப்படை அதிகாரி’ என்று ஒருவர் வந்து நிற்கிறார். அவரை யார் ஒதுக்கினார்கள், என்ன குற்றத்துக்காக ஒதுக்கினார்கள் என்று செய்தி சொல்வதில்லை. ஊர்ப் பஞ்சாயத்து தள்ளி வைத்த ஆள் மாதிரி ஒரு தொனி. ‘விமான ஒதுக்கீட்டுப் படை’ என்றும் எழுதுகிறார்கள். அதைப் படிப்பவர், இட ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்தவர்களின் படை என்று நினைத்தால் தப்பு அவர் மேல் இல்லை.

மூலச்சொல் ரிசர்வ். லத்தீனில் ‘செர்வாரே’ என்றால் காத்து வைப்பது. முன்னால் ‘ரெ’ சேர்ந்தால் பின்னுக்கு எடுத்துக் காத்து வைப்பது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. வேர்க்கதை இவ்வளவுதான், அதில் யாருக்கும் தகராறு இல்லை.

தகராறு தமிழில் ஆரம்பிக்கிறது. இந்த ஒரு சொல்லை நாம் இடத்துக்கு இடம் வேறு வேறாகச் சொல்கிறோம். ரயில் டிக்கெட்டுக்கு முன்பதிவு. வேலைக்கும் படிப்புக்கும் இட ஒதுக்கீடு. தேர்தலில் தனித்தொகுதி. வனத்துறையில் காப்புக்காடு. வங்கிக்கு வந்தால் ரிசர்வ் வங்கி என்று அப்படியே விட்டுவிட்டோம். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் சரி. கருத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதால் பாராட்டவும் செய்யலாம். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லைக் கொண்டுபோய்ப் படைக்கு மாட்டும்போதுதான் கெட்டுப்போகிறது.

சரி, ரிசர்வ் அதிகாரி என்பவர் யார்? அமெரிக்க விமானப்படையின் ரிசர்வ் பிரிவு 1948-ல் அமைக்கப்பட்டது. அதில் இருப்பவர் வழக்கமாக மாதத்தில் ஒரு வார இறுதியும், வருடத்தில் இரண்டு வாரம் அளவுக்கும் சீருடை போடுகிறார். மற்ற நாட்களில் வக்கீல், பயணிகள் விமானத்தின் பைலட், கடைக்காரர், எதுவாகவும் இருக்கலாம். அரசு அழைத்தால் முழுநேரப் படையினரோடு அதே விமானத்தில் ஏற வேண்டும். ஓய்வூதியக் கணக்கும் தனி. படையில் பெயர் இருப்பதற்கே வருடத்துக்கு 15 புள்ளி. நான்கு மணி நேரப் பயிற்சி ஒன்றுக்கு ஒரு புள்ளி, ஒரு வார இறுதிக்கு நான்கு. வருடத்தில் 50 புள்ளி சேர்ந்தால்தான் அந்த வருடம் கணக்கில் வரும். அப்படி 20 வருடம் சேர்த்தவருக்குப் பொதுவாக 60 வயதில் பென்ஷன் தொடங்கும்.

ஒரு ஆளை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை நடிகராகத்தான் பலருக்குத் தெரியும். 1941 பிப்ரவரியில் ஆஸ்கர் விருது வாங்கியவர், மார்ச்சில் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். முதல் தடவை எடை குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏற்கெனவே விமானம் ஓட்டத் தெரிந்தவர் என்பதால் அடுத்த வருடத் தொடக்கத்தில் அதிகாரியானார். பிறகு இங்கிலாந்தின் டிபன்ஹம் தளத்திலிருந்து பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களில் ஜெர்மனிக்கு மேல் பறந்தார். கணக்கில் உள்ள போர்ப் பறப்புகள் 20. 1945-ல் கர்னல். போர் முடிந்ததும் சினிமாவுக்குத் திரும்பினார், ஆனால் ரிசர்வில் தொடர்ந்தார்.

1957-ல் அவரைப் பிரிகேடியர் ஜெனரல் ஆக்கப் பரிந்துரை போனது. செனட்டில் மார்கரெட் சேஸ் ஸ்மித் என்ற உறுப்பினர் அதை எதிர்த்து நின்றார். போருக்குப் பிறகு இவர் செய்த ரிசர்வ் பயிற்சி போதாது, ஒழுங்காக வந்து பயிற்சி செய்தவர்கள் காத்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். இந்த அம்மையாரே விமானப்படை ரிசர்வில் லெப்டினன்ட் கர்னல்! பரிந்துரை விழுந்தது. ஸ்டூவர்ட்டுக்கு அந்தப் பதவி 1959-ல்தான் கிடைத்தது. 1966-ல் வியட்நாம் போரின்போது ஒரு பி-52 விமானத்தில் பார்வையாளராகப் போய் வந்தார். 1968-ல் 60 வயதில் ஓய்வு. 1964-ல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்ற பேரி கோல்ட்வாட்டரும் இப்படித்தான்: ஒரு பக்கம் அரிசோனா செனட்டர், இன்னொரு பக்கம் விமானப்படை ரிசர்வில் மேஜர் ஜெனரல்.

‘ஒதுக்கப்பட்ட அதிகாரி’ என்ற பெயரை ஸ்டூவர்ட் மேல் ஒட்டிப் பாருங்கள். ஒட்டவே ஒட்டாது. பதவி உயர்வை செனட்டே உட்கார்ந்து விவாதிக்கிறது என்றால் அவர் எந்த மூலையில் ஒதுங்கிக் கிடந்தார்?

இந்தக் குளறுபடி தெரிந்தவர்கள் ‘இருப்புப் படை’ என்று எழுதுகிறார்கள். கலைச்சொல் பட்டியல்களில் ஆர்வமுள்ள நண்பர்கள் இதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். தனித்தமிழ், சுருக்கம், ‘கையிருப்பு’ போல எளிது என்று காரணம் சொல்வார்கள். எனக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை.

முதலில், இருப்பு என்பது சரக்குக்கான சொல். ரேஷன் கடைப் பலகையில் அரிசி இருப்பு, சர்க்கரை இருப்பு என்று எழுதுவார்கள். அங்கே இருப்பது அசையாது. யாராவது எடுத்தால்தான் குறையும். ரிசர்வ் அதிகாரியோ மாதாமாதம் பயிற்சிக்குப் போகிறார், புள்ளி சேர்க்கிறார், தகுதி காட்டிப் பதவி உயர்கிறார். சரக்கு பதவி உயர்வு வாங்குமா?

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. இரும்பு என்ற சொல் இன்னொரு சொல்லோடு சேரும்போது ‘இருப்பு’ ஆகும். இருப்புலக்கை, இருப்புப்பாதை எல்லாம் அப்படி வந்தவை. தமிழ்நாட்டில் ரயில்வே போலீஸுக்கு இருப்புப்பாதை காவல்துறை என்றே பலகை உண்டு. இந்த ஊரில் ‘இருப்புப் படை’ என்று எழுதினால் ஒருவர் இரும்புப் படை என்று வாசிப்பார், இன்னொருவர் தண்டவாளம் காக்கும் படை என்று வாசிப்பார். இரண்டும் இலக்கணப்படி சரியான வாசிப்பு என்பதுதான் கொடுமை. போதாததற்கு, தத்துவம் எழுதுகிறவர்கள் ‘மனித இருப்பு’ என்று அதே சொல்லை வேறு ஒரு உச்சிக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே மூன்று வேலை பார்க்கும் சொல்லின் தலையில் நான்காவது வேலையை ஏற்றுவதற்குத் தனித்தமிழ் என்று பெயர் வைப்பது என்ன நியாயம்?

காப்புப் படை என்று சிலர் சொல்கிறார்கள். காப்புக்காடு இருக்கிறதே என்பது வாதம். ஆனால் அமெரிக்காவில் ரிசர்வுக்குப் பக்கத்திலேயே விமான தேசியக் காவல் படை என்று இன்னொன்று இருக்கிறது. அது சாதாரண நாட்களில் மாநில ஆளுநர்களின் கீழ் இயங்குவது. ரிசர்வ் முழுக்க மத்திய அரசுடையது. ஒன்றைக் காவல் என்றும் மற்றதைக் காப்பு என்றும் எழுதினால் எந்த வாசகருக்கு வித்தியாசம் புரியும்? துணைப்படை என்றால் துணை ராணுவம் நினைவுக்கு வரும். இலங்கையில் தொண்டர் படை என்ற வழக்கு உண்டு, அது வேறு அமைப்பு முறைக்கான பெயர். தமிழ்நாட்டில் தொண்டர் என்றால் கட்சிக் கொடி இல்லாமல் யாரும் கற்பனை செய்ய மாட்டார்கள்.

என் தேர்வு சேமப்படை. பழைய தமிழில் சேமத்தேர் என்று ஒரு சொல் இருக்கிறது. போர்க்களத்தில் ஏறிப் போன தேர் உடைந்தால் மாறி ஏறிக்கொள்வதற்காகத் தயாராக நிறுத்தி வைத்த தேர். ராணுவ ரிசர்வுக்கு இதைவிடக் கச்சிதமான தமிழ் முன்னோடி வேண்டுமா? மத்திய ரிசர்வ் போலீஸ் படையை மத்திய சேமக் காவல் படை என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆகவே காதுக்கும் புதிதில்லை.

சேமம் க்ஷேமத்திலிருந்து வந்த வடசொல் என்று எதிர்ப்பு வரும். வந்ததுதான். ஆனால் சேமிப்பு என்ற சொல்லை வங்கி வாசலில் சங்கடமில்லாமல் சொல்கிறவர்கள் படை என்றதும் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? ‘இவ்விடம் க்ஷேமம்’ என்று பழைய கடிதங்களில் எழுதியதால் சேமப்படை நலத்துறை போலக் கேட்கிறது என்பது இன்னொரு ஆட்சேபம். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. இருந்தாலும் ‘விமானச் சேமப்படை’ என்று முழுதாக எழுதினால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதற்கும் மனம் வராதவர்கள் ரிசர்வ் என்றே எழுதட்டும். ரிசர்வ் போலீஸ் என்று ஊரெல்லாம் பேசும் சொல்லுக்குத் தடை போட நான் யார்? மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு உள்ள மனத்தாங்கல் வேறு. அந்த ஆள் என்ன வேலை செய்கிறார் என்று இரண்டு நிமிடம் படித்துப் பார்க்காமல் சொல்லுக்குச் சொல் வைக்கிறார்கள். இப்போது இயந்திரமும் அதையே செய்கிறது, இவர்கள் அதைத் திருத்தாமல் அனுப்பிவிடுகிறார்கள். ரிசர்வ் அதிகாரி என்றால் ‘ஓய்வுபெற்ற அதிகாரி’ என்று துணிந்து எழுதுபவர்களும் உண்டு.

அந்தத் துணிச்சல் ஒரு இடத்தில் வசமாக மாட்டிக்கொள்ளும். அமெரிக்கச் சட்டத்தில் ரிசர்வ் மூன்று வகை: உடனே அழைக்கத் தயாராக இருப்பது, தேவைப்பட்டால் மட்டும் அழைப்பது, ஓய்வுபெற்றவர்களுக்கானது. சேமம் என்று வைத்தால் ஆயத்தச் சேமப்படை, காத்திருப்புச் சேமப்படை, ஓய்வுற்றோர் சேமப்படை என்று மூன்றும் வரிசையாக வந்துவிடும். ஓய்வுபெற்றவர் என்று தொடங்கியவர் மூன்றாவதை எழுத வேண்டி வந்தால் ‘ஓய்வுபெற்ற ஓய்வுபெற்றோர் படை’ என்றுதான் எழுத வேண்டும்.