190 கிலோ ஆர்கனை மேடைக்குக் கொண்டுபோவது

ஏறக்குறைய எல்லாக் கீபோர்டிலும் ஆர்கன் என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தி வாசித்தால் முதல் சில நொடிகள் நன்றாகத்தான் இருக்கும், அப்புறம் அலுத்துவிடும். மலிவான கீபோர்டு என்பதால் மட்டும் இப்படி ஆவதில்லை. அசல் கருவி ஓர் இயந்திரம். அதன் பல்சக்கரங்களும் ஒலிக் கசிவுகளும் சுழலும் ஒலிபெருக்கியும் சேர்ந்ததுதான் அந்த ஒலி. அந்த இயந்திரத்தைத் தெரிந்துகொண்டால், மேடைக்கு எதை வாங்குவது, எதை விடுவது என்று முடிவு செய்வது எளிது.

அசல் என்று நான் சொல்வது ஹேமண்ட் பி-3 ஆர்கனை. லாரன்ஸ் ஹேமண்ட் சிகாகோவில் மின்கடிகாரம் செய்து விற்றவர். மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு இணைந்து பிசகாமல் சுற்றும் மோட்டார் அவர் கைவசம் இருந்தது. கடிகார முள்ளைச் சுழற்றும் மோட்டார் சுருதியையும் நிலையாக வைத்திருக்குமே என்று யோசித்தார். 1934-இல் காப்புரிமை, 1935-இல் முதல் ஆர்கன். 1950-களின் நடுவில் வந்த பி-3, 1974 வரை தயாரிப்பில் இருந்தது. பெஞ்சும் காலால் வாசிக்கும் பெடல் கட்டைகளும் சேர்த்தால் எடை 190 கிலோவுக்கு மேல்.

உள்ளே, உள்ளங்கையில் அடங்கும் அளவில், ஒலி தரும் எஃகுச் சக்கரங்கள் 91 இருக்கின்றன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் மேடு பள்ளங்கள். எதிரே கம்பி சுற்றிய ஒரு காந்தத் தண்டு. மேடு கடக்கும்போதெல்லாம் கம்பியில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். விளிம்பில் 16 மேடுகள் உள்ள சக்கரம் நொடிக்கு 27.5 முறை சுற்றினால் 440 ஹெர்ட்ஸ், அதாவது எல்லோரும் சுருதி சேர்க்கும் 'ஏ' என்ற மேற்கத்திய சுரம். மற்ற சுரங்களைப் பல்சக்கர விகிதங்களால் எட்டிப் பிடிக்கிறார்கள். 'சி' சுரத்துக்கு 85 பல் சக்கரமும் 104 பல் சக்கரமும் இணைகின்றன. கணக்குப்படி 261.63 ஹெர்ட்ஸ் வர வேண்டிய நடு சி, 261.54-இல் நிற்கும். காதுக்குத் தெரியாத பிசகுதான். ஆனால் பன்னிரண்டு சுரங்களும் ஆளுக்குக் கொஞ்சம் இப்படி விலகி நிற்பதால், பல சுரங்களைச் சேர்த்து கோர்டாக வாசிக்கும்போது ஒலி விறைத்துப் போவதில்லை.

மோட்டார் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 1200 முறை சுற்றும். அமெரிக்காவில் செய்ததை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்து 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 1000 முறைதான் சுற்றும். முழு ஆர்கனும் மூன்று அரைச்சுரத்துக்கும் சற்று அதிகமாகக் கீழே இறங்கிவிடும். அதனால் 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்குத் தனியாகச் செய்து அனுப்பினார்கள். திறந்தவெளி மேடையில் ஜெனரேட்டர் தள்ளாடினால் சுருதியும் கூடவே தள்ளாடும், வேறு வழியில்லை. இந்த ஒரு விஷயத்தில், ஹேமண்டைப் போல ஒலிக்கும் மின்னணு நகல் கருவி அசலைவிட மேல் என்று தயங்காமல் சொல்லலாம்.

இனி ட்ராபார். கட்டைகளுக்கு மேலே ஒன்பது இழுப்பான்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 8 வரை அளவு. ஒரு கட்டையை அழுத்தினால் ஒன்பது சக்கரங்களின் ஒலி வரத் தயாராக இருக்கும். எது எவ்வளவு என்பதை இழுப்பான் தீர்மானிக்கும். ஜாஸ் கலைஞர் ஜிம்மி ஸ்மித்தோடு எப்போதும் சேர்த்துப் பேசப்படும் அமைப்பு, முதல் மூன்றையும் முழுதாக இழுத்து மற்ற ஆறையும் உள்ளே தள்ளியது. இழுப்பான்கள் சேர்க்கும் மேற்சுரங்களுக்கென்று (அடிப்படைச் சுரத்தோடு ஒலிக்கும் உயர்ந்த சுரங்களுக்கென்று) தனிச் சக்கரங்கள் கிடையாது. மேலே உள்ள வேறு சுரங்களின் சக்கரங்களையே கடன் வாங்குகிறார்கள். தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் இயற்கையான ஐந்தாம் மேற்சுரம். ஹேமண்டில் அதே இடத்தில் வருவது மேற்கத்திய சம இடைவெளிக் காந்தாரம், சுமார் 14 சென்ட் கூடுதல் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). ஏழாம் மேற்சுரத்துக்குப் பக்கத்தில் பொருத்தமான சுரமே இல்லை, அதனால் அதற்கு இழுப்பானும் இல்லை.

குறைகளாகத் தொடங்கி அடையாளமாகிவிட்டவை சில உண்டு. கட்டைக்கு அடியில் உள்ள ஒன்பது தொடர்புகளும் ஒரே கணத்தில் சேர்வதில்லை. அலையின் நடுவில் முன்பின்னாகச் சேரும்போது 'டிக்' என்று ஓசை எழும். பொறியாளர்கள் அதை அடக்கப் பார்த்தார்கள், வாசிப்பவர்களுக்கோ அதுதான் பிடித்திருந்தது. பி-3-இல் புதிதாக வந்த பெர்கஷனும், அதாவது சுரத்தின் தொடக்கத்தில் ஒலிக்கும் தட்டலும், இப்படித்தான். அது ஒன்பதாம் இழுப்பானின் தொடர்பை எடுத்துக்கொள்வதால், பெர்கஷன் போட்டால் அந்த இழுப்பான் ஊமை. அதோடு, கட்டைகளில் ஒரு விரல் மிச்சம் இருந்தாலும் அடுத்த சுரத்துக்கு அந்தத் தட்டல் வராது. எல்லா விரலையும் எடுத்தால்தான் மறுபடி வரும். நல்ல நகல் இத்தனையையும் செய்ய வேண்டும்.

சுரங்களைப் பதிவு செய்து வைத்திருக்கும் சாதாரணக் கீபோர்டு இங்கேதான் தோற்கிறது. அசலில் சக்கரங்கள் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன; கட்டை வெறும் கதவைத்தான் திறக்கிறது. ஆகவே ஒரே சுரத்தை இருமுறை வாசித்தாலும் அலை ஒரே இடத்தில் தொடங்காது. பதிவிலோ ஒவ்வொரு முறையும் அதே தொடக்கம். கணக்கீட்டு முறையில் இயங்கும் நகல்கள் 91 அலைகளையும் ஓயாமல் ஓட விட்டு, விரலுக்கு ஏற்பக் கதவு திறக்கின்றன. நார்டு, க்ருமார், இன்றைய ஹேமண்ட் ஆகிய நிறுவனங்கள் இந்த வகைக் கருவிகளை விற்கின்றன. லேப்டாப் போதும் என்பவர்களுக்கு விபி3 என்ற மென்பொருள் இருக்கிறது. செலவே வேண்டாம் என்றால் இலவசமாகக் கிடைக்கும் செட்பிஃப்ரீ.

கட்டைகளில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரணக் கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு தொடர்புகள்; இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து, எவ்வளவு வேகமாக அடித்தோம் என்று கண்டுபிடிக்கும். அதனால் அடிவரை அழுத்தினால்தான் ஒலி வரும். ஆர்கனில் அடிக்கும் வேகத்துக்கு எந்த வேலையும் இல்லை. கட்டை சற்று இறங்கியதுமே ஒலி வர வேண்டும். முதல் தொடர்பிலேயே ஒலிக்கச் செய்யும் வசதி கருவியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். லேப்டாப் என்றால் தாமதம் வேறு: நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் என்ற வீதத்தில், 256 மாதிரிகளுக்கு பஃபர் (ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் இடம்) வைத்தால் அதற்கு மட்டுமே 5.3 மில்லிநொடி. 128-க்கு இறக்கிவிடுங்கள்.

அசலில் உள்ளதுபோல இரண்டு அடுக்குக் கட்டைகள் வேண்டும் என்றால், வேறு கருவியை இயக்கும் பழைய மிடி கீபோர்டு ஒன்றைக் கீழே வைத்துக்கொள்ளலாம். மேலடுக்குக்குச் சேனல் 1, கீழடுக்குக்கு 2 என்று பிரித்தால் போதும். வலது காலுக்கு எக்ஸ்பிரஷன் பெடல் கட்டாயம், ஏனென்றால் ஹேமண்டில் ஒலியின் ஏற்ற இறக்கம் முழுக்கக் காலில்தான் இருக்கிறது. எல்லா நிறுவனத்தின் பெடலும் ஒரே மாதிரி வயரிங் கொண்டதல்ல; பொருந்தாததை மாட்டினால் பாதி தூரத்துக்குத்தான் வேலை செய்யும். விரலை எடுத்த பிறகும் ஒலியை நீட்டும் சஸ்டெயின் பெடலை வீட்டிலேயே வைத்துவிடலாம், அசலில் அப்படி ஒன்று இல்லை.

இவ்வளவும் பாதிதான். மீதிப் பாதி லெஸ்லி என்ற சுழலும் ஒலிபெருக்கிப் பெட்டி. டான் லெஸ்லி 1940 வாக்கில் உருவாக்கிய இந்தப் பெட்டியை லாரன்ஸ் ஹேமண்டுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. வாசித்தவர்கள் அவரைக் கேட்கவில்லை. பெட்டிக்குள் ஒலி 800 ஹெர்ட்ஸில் இரண்டாகப் பிரியும். மேல் பகுதி ஒரு சுழலும் கொம்பு வழியாக வரும் (பார்க்க இரண்டு கொம்புகள் இருக்கும், ஒன்று எடை சமன் செய்ய மட்டும்). கீழ்ப் பகுதி, தரையைப் பார்த்த ஒலிபெருக்கிக்கு அடியில் சுழலும் ஓர் உருளை வழியாக வரும்.

வேகமாகச் சுற்றும்போது கொம்பு நிமிடத்துக்குச் சுமார் 400 முறை சுற்றும். அதன் வாய் நம்மை நோக்கி நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வந்து, அதே வேகத்தில் விலகும். சைரன் ஊதியபடி ஆம்புலன்ஸ் கடக்கும்போது சுருதி மாறுவது போலத்தான் இதுவும்: அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறி, அதே அளவு இறங்கும். கூடவே ஒலியின் அளவும் நிறமும் மாறும். மெதுவான வேகத்தில் நிமிடத்துக்கு 40, 50 சுற்றுதான். இரண்டு வேகங்களுக்கும் நடுவில் மாறும் அந்தத் தருணத்துக்காகத்தான் ஆர்கன்காரர்கள் உயிரை விடுகிறார்கள். கொம்பு லேசானது, ஒரு நொடியில் வேகம் பிடித்துவிடும். உருளை கனமானது, பல நொடிகள் இழுக்கும். அந்த இடைவெளியில் மேலும் கீழும் ஒத்துப்போகாமல் ஒலி கொப்பளிக்கும்.

கீபோர்டுக்குள்ளேயே இருக்கும் சுழல் விளைவு இந்த இடத்தில்தான் பெரும்பாலும் ஏமாற்றும். கொம்புக்கும் உருளைக்கும் ஒரே வேகமாற்றம் கொடுத்திருப்பார்கள். கையில் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது என்றால் அதை முதலில் லெஸ்லியின் சுழற்சியை மின்னணு முறையில் தரும் ஒரு நல்ல பெடலில் போடுங்கள், கட்டைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. நடுத்தரமான ஆர்கன் ஒலிகூட நல்ல சுழற்சியில் நிமிர்ந்து உட்காரும். தலைகீழாக அது நடக்காது.

மேடையில் கடைசியாக ஒன்று. இந்தப் பெடல்கள், கொம்பின் இரு பக்கமும் மைக் வைத்தது போல இடம் வலம் என்று இரண்டு ஒலி தரும். மிக்சரில் இரண்டையும் சேர்த்து மோனோவாக்கினால், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கி, பாதிச் சுழற்சி அங்கேயே காணாமல் போகும். ஒலியமைப்பு மோனோ என்று தெரிந்தால், ஒரு பக்கக் கேபிளை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதைக் கழற்றி வையுங்கள்.