பசி சிரப்பும் மூளை சொல்லும் ‘போதும்’ என்ற சொல்லும்

தக்கலையில் ஒரு மருந்துக் கடையில் காய்ச்சல் மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, கையைப் பிடித்தபடி ஐந்து வயதுப் பையன். “பிள்ளை ஒண்ணும் திங்க மாட்டேங்கான். அந்தப் பசி சிரப் ஒரு குப்பி தாங்க” என்றார். டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. சிரப் வந்துவிட்டது. அட்டையில் சிப்ரோஹெப்டடின் என்று இருந்தது.

இது அடிப்படையில் ஒரு பழைய அலர்ஜி மருந்து. அலர்ஜியைக் கிளப்புவதும் மூளையை விழிப்பாக வைத்திருப்பதுமான ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கும்; அதனால்தான் குடித்த பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள். கூடவே செரோட்டோனின் என்ற வேதிப்பொருளின் வேலையையும் தடுக்கும். சாப்பிடும்போது ‘போதும்’ என்று தோன்ற வைப்பதில் செரோட்டோனினுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, இந்தச் சிரப் பசியை உண்டாக்குகிறது என்பதைவிட, ‘போதும்’ என்ற குரலை அமுக்குகிறது என்பதே சரி.

அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பருப்பும் சாம்பாரும் முடிந்து மறுபடி சோற்று வாளி வரும்போது, இலைக்கு மேல் கையை விரித்து மறைக்கிறோம் அல்லவா? அதற்குள் வயிறு விரிந்த செய்தி வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போயிருக்கும். குடல் சுவரில் உள்ள சில செல்களும் செரோட்டோனினைச் சுரந்து அதே நரம்பைத் தட்டுகின்றன. (அடைப்பிரதமன் பாயசம் வந்ததும் அந்தக் கை தானாக விலகுகிறதே, அது ருசியும் ஆசையும் போகும் வேறொரு பாதை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

உடலில் உள்ள செரோட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. ஆனால் அது ரத்தத்தில் கலந்தாலும் மூளைக்குள் நுழைய முடியாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு விடாது. வாழைப்பழத்திலும் செரோட்டோனின் இருக்கிறது. அதற்காக மட்டிப்பழத்தைச் சீப்புச் சீப்பாகத் தின்றாலும் அதில் ஒரு துளிகூட மூளைக்குப் போகாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. அதற்கான மூலப்பொருள் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம். அதை உடலால் உண்டாக்க முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். மரச்சீனிக் கிழங்கில் புரதமே மிகக் குறைவு. கூட வைத்துத் தின்னும் சாளை மீன் கறியில்தான் டிரிப்டோபான் இருக்கிறது.

மூளைத்தண்டில் ராஃபே என்ற பகுதியில் இருக்கும் நரம்பு செல்கள்தான் மூளையின் செரோட்டோனினைத் தயாரிக்கின்றன. அவற்றின் இழைகள் மூளை முழுக்கப் பரவியிருக்கின்றன. பசி விஷயத்தில் முக்கியமானவை, பசியைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதிக்குப் போகும் இழைகள். அங்கே அக்கம்பக்கமாக இரண்டு வகை செல்கள் இருக்கின்றன. ஏஜிஆர்பி செல்கள் ‘தின்னு, தின்னு’ என்று தூண்டுபவை. பிஓஎம்சி செல்கள் ‘நிறுத்து’ என்பவை. ஒரே செரோட்டோனின் இரண்டிடமும் போய் இரண்டு விதமாக வேலை செய்கிறது. பிஓஎம்சி செல்லில் 2சி என்ற ஏற்பியில் (செல்லின் மேல் செரோட்டோனின் வந்து ஒட்டும் இடம்) ஒட்டி அதை முடுக்கிவிடுகிறது. ஏஜிஆர்பி செல்லில் 1பி என்ற ஏற்பியில் ஒட்டி அதை அடக்குகிறது. பூட்டு வேறு என்பதால் ஒரே சாவி ஒரு கதவைத் திறக்கிறது, இன்னொன்றை அடைக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இதற்குச் சான்று எலிகளிடமிருந்து வந்தது. 1995-ல் லாரன்ஸ் டெகாட் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 2சி ஏற்பி இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அவை அளவில்லாமல் தின்று கொழுத்தன, வலிப்பும் வந்தது. 2008-ல் வேறொரு குழு அப்படிப்பட்ட எலிகளில் பிஓஎம்சி செல்களில் மட்டும் அந்த ஏற்பியைத் திரும்பக் கொண்டுவந்தது. அதிகமாகத் தின்பது நின்றது.

இந்தக் குரலைக் கூட்டினால் உடல் மெலியுமே என்று மருந்துக் கம்பெனிகளும் முயன்றன. செரோட்டோனினைப் பெருக்கும் ஃபென்ஃப்ளூரமின் பசியைக் குறைத்தது, ஆனால் இதய வால்வுகளில் உள்ள 2பி ஏற்பிகளும் தூண்டப்பட்டு வால்வுகள் கெட்டன. 1997-ல் திரும்பப் பெறப்பட்டது. 2சி ஏற்பியை மட்டும் குறிவைத்த லார்காசெரின் 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புற்றுநோய் அபாயம் பற்றிய கவலையால் 2020-ல் அதுவும் போயிற்று.

சிப்ரோஹெப்டடின் அவ்வளவு ஆபத்தானது என்று நான் சொல்லவில்லை. டாக்டர் பார்த்து, தேவை என்று எழுதிக் கொடுக்கும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் பிள்ளை சாப்பிடாததற்குக் காரணம் வயிற்றுப் பூச்சியாக இருக்கலாம், இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். அதையெல்லாம் பார்க்காமல் சிரப்பை ஊற்றினால் காரணம் அப்படியே உள்ளே கிடக்கும்.

அந்த அம்மாவிடம், பையன் சாயங்காலம் என்ன தின்பான் என்று கேட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு பாக்கெட் நேந்திரங்காய்ச் சிப்ஸ், அப்புறம் ஆறு மணிக்குப் பாலும் பிஸ்கட்டும். ஏழு மணிக்குச் சோற்றுத் தட்டை வைத்தால்தான் அவன் வேண்டாம் என்கிறானாம்.