குறி தவறினால் தோட்டாவைத் திட்டாதீர்கள்

போன மாசி மாதம் தேவிபட்டினம் பக்கமிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தார். தோளில் உறையோடு ரைபிள், கையில் செருப்புக் கடை அட்டைப்பெட்டி. ரைபிளை மேசையில் வைப்பதற்கு முன்பே பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள், நாற்பதுக்கு மேல் இருக்கும். சில பளபளவென்று, சில பச்சை பூத்து.

"அண்ணே, அடிக்கிற குண்டு எங்கெங்கயோ போகுது. வெளிநாட்டுல கூட்டுல மறுபடி மருந்து போட்டு, அவனவன் துப்பாக்கிக்குத் தக்கன தோட்டா செஞ்சுக்கிறான். வீடியோவுல பாத்தேன். இத நீங்க போட்டுத் தர முடியுமா? இல்லேன்னா மெஷின் எங்க கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க, நான் பாத்துக்கிறேன்."

ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ராமநாதபுரத்தில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பழுது பார்க்கும் கடை. வங்கிக் காவலர்கள், தோப்புக்காரர்கள், கிளப்பில் சுடும் பிள்ளைகள் என்று வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் இந்தக் கேள்வி இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தம்பி வீடியோவில் பார்த்தது பொய் இல்லை. ஒரு ரைபிள் தோட்டாவில் நான்கு சாமான்கள்தான்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி விடும் கேப், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டால் மருந்தும் குண்டும் போய்விடும், கேப் வீணாகிவிடும், கூடு மட்டும் மறுபடி உதவும். அமெரிக்கா போன்ற நாடுகளில் அந்தக் கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தி, புதுக் கேப் வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைச் செருகிக்கொள்கிறார்கள். நிறுப்பது கிரெய்ன் கணக்கில். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். பொன் நிறுக்கும் குண்டுமணியில் ஏறக்குறையப் பாதி. அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்கிறார்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? சுடுகிற கணத்தில் குழல், தட்டிய கம்பி மாதிரி அதிரும். ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் கிளம்பி, அந்த அதிர்வின் ஒரே கட்டத்தில் குழல் வாயை விட்டு வெளியேறினால், எல்லாம் ஒரே இடத்தைத் தேடிப் போகும். மருந்தின் எடை, குண்டு செருகிய ஆழம், கூட்டின் கழுத்து குண்டைப் பிடித்திருக்கும் இறுக்கம் இவற்றில் எது மாறினாலும் வேகம் மாறும். கையால் தோட்டா செய்கிறவர் இந்த மாற்றங்களைத்தான் குறைக்கிறார்.

ஆனால் இது எந்தத் துப்பாக்கிக்கு உதவும்? நூறு மீட்டரில் ஐந்து சென்டிமீட்டருக்குள் அடிக்கிற ஆரோக்கியமான ரைபிளை மூன்றுக்குக் கொண்டுவர உதவும். தம்பியின் ரைபிள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறிக்கொண்டிருந்தது. பருப்பே வேகாத ரசத்தில் பெருங்காயத்தை மாற்றி என்ன பயன்?

சரி, சட்டத்துக்கு வருவோம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் ஐந்தாவது பிரிவு, தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் கேட்கிறது. நம் கையில் இருப்பது வைத்துக்கொள்வதற்கான லைசென்ஸ். அது இதற்கு ஈடாகாது. பலருக்குத் தெரியாத இன்னொன்று: அந்தச் சட்டம் 'அம்யூனிஷன்' (தோட்டா, வெடிபொருள்) என்று சொல்லும்போது, தோட்டாவின் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரமும் அதில் அடங்கும். ஆக, "மெஷின் மட்டும்" என்பதும் சின்ன விஷயம் இல்லை. உரிமம் இல்லாத தயாரிப்புக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். இதைச் சொன்னபோது தம்பி பெட்டியின் மூடியை மெதுவாக மூடினார்.

சட்டத்தை விடுங்கள், எனக்குப் பயம் வேறு. ஒரு பெரியவர் 12 போர் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்தார், சரி பண்ண முடியுமா என்று கேட்டு. குழல் வாழைப்பூ மடல் விரிந்த மாதிரி விரிந்திருந்தது. சரி பண்ண என்ன இருக்கிறது? காலிக் கூட்டில் பட்டாசு மருந்தை அடைத்துச் சுட்டிருக்கிறார். எல்லாம் மருந்துதானே என்று நினைத்தாராம். துப்பாக்கியைத் துணியில் சுற்றித் திரும்ப வாங்கியபோதுதான் அவருடைய இடது கையைக் கவனித்தேன். இரண்டு விரல் இல்லை.

எல்லாம் மருந்து இல்லை. பழைய கருமருந்து வேறு, இன்றைய புகையற்ற மருந்து வேறு, பட்டாசுக்குள் இருப்பது முற்றிலும் வேறு. ரைபிளுக்கான மருந்து வெடிக்கக்கூடாது. குண்டைத் தள்ளிக்கொண்டே, ஒழுங்கான வேகத்தில் எரிய வேண்டும். நீலகிரியில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை நூறாண்டுக்கும் மேலாக இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. சுடும்போது ரைபிள் அறைக்குள் எழும் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 3,000 முதல் 4,000 மடங்கு வரை போகும். கார் டயருக்குள் இருப்பது இரண்டு மடங்கு சொச்சம். அந்த அழுத்தத்துக்கும் உங்கள் கண்ணுக்கும் நடுவே இருப்பது, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டும் அந்த மெல்லிய பித்தளைக் கூடும்தான். கூட்டை ஒவ்வொரு முறை அழுத்திச் சுடும்போதும் பித்தளை நீளும், அடிப்பகுதிக்குச் சற்று மேலே உள்ளுக்குள் மெலியும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு நாள் இரண்டாகப் பிரியும்.

தம்பியின் கூடுகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில், கேப்பின் பொறி உள்ளே வரும் இடத்தில், ஒன்றுக்குப் பதில் இரண்டு பொடி ஓட்டைகள். இது பெர்டான் வகை. நடுவில் ஒரே ஓட்டை இருந்தால் பாக்சர் வகை. வீடியோவில் காட்டுகிற மெஷின்கள் எல்லாம் பாக்சருக்கானவை. நடு ஓட்டை வழியாக ஊசியை விட்டுப் பழைய கேப்பைத் தள்ளுவார்கள். இதில் ஊசி போகாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டும் கண்டுபிடித்தவர்களின் பெயர்கள்: பெர்டான் அமெரிக்கர், பாக்சர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்கா பாக்சரை எடுத்துக்கொண்டது, ஐரோப்பா பெர்டானை எடுத்துக்கொண்டது.

அப்புறம்தான் ரைபிளைக் கையில் எடுத்தேன். .315 போர் (குழல் துளையின் அளவு, அங்குலத்தில்), அவருடைய தாத்தா வாங்கியது. லீ-என்ஃபீல்டு என்ற பழைய ராணுவ ரைபிளின் சாயலில் நம் அரசுத் தொழிற்சாலையில் செய்தது, ராணுவம் பயன்படுத்திய .303 பொதுமக்களுக்குக் கூடாது என்பதால் வந்த அளவு. ரைபிளின் மரக் கட்டையைக் குழலோடு சேர்த்துப் பிடித்து லேசாக அசைத்தேன். ஆடியது.

இந்தக் கடற்கரையில் என்னிடம் வரும் ரைபிள்களில் பெரும்பாலானவற்றின் நோய் இதுதான். கோடையில் கச்சான் காற்று அடித்து மரம் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் ஈரமும் சேர்ந்து உப்பும். வருஷத்துக்கு வருஷம் இப்படி மூச்சு விடுகிற கட்டைக்குள் திருகு இறுக்கமாக எப்படி நிற்கும்? தளர்ந்த திருகோடு சுட்டால் ஒவ்வொரு முறையும் குழல் வேறு இடத்தில் உட்காரும். மழைக்காலத்திலோ உப்பிய மரம் ஒரு பக்கமாகக் குழலை நெட்டும். "சித்திரையில சரியா அடிச்சுது, கார்த்திகையில இடது பக்கம் போகுது" என்று யாராவது சொன்னால் நான் தோட்டாவைக் கேட்க மாட்டேன், கட்டையைத்தான் பிரிப்பேன்.

அடுத்தது குழல் வாய். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் விளிம்பு அது. அங்கே ஒரு பக்கம் மட்டும் சின்ன நசுங்கல் இருந்தாலும் பின்னால் வரும் வாயு ஒரு பக்கமாகப் பீறிட்டுக் குண்டைச் சாய்த்துவிடும். தம்பியின் ரைபிளில் விளிம்பு தேய்ந்திருந்தது. சுத்தம் செய்யும் கம்பியை வாய்ப்பக்கமிருந்து விட்டு விட்டு எடுத்த தேய்மானம். மூன்று தலைமுறை நல்ல மனதோடு செய்த கெடுதல். முடிந்தவரை பின்பக்கமிருந்தே சுத்தம் செய்யுங்கள்.

உள்ளே துரு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மண்டபத்திலோ தொண்டியிலோ சைக்கிள் செயின் எத்தனை மாதம் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். வாலிநோக்கம் உப்பளப் பக்கம் கேட்கவே வேண்டாம். காற்றிலுள்ள உப்பு இரும்பில் படிந்து, ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பழைய தோட்டாக்களில் இன்னொரு உப்பும் உண்டு. அந்தக் காலத்துக் கேப்புகளில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் படியும். சமையல் உப்பின் உடன்பிறப்பு. எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால்தான் அந்தக் காலச் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் குழலில் கொதிநீர் ஊற்றினார்கள். வயது தெரியாத தோட்டாவைச் சுட நேர்ந்தால், அன்றைக்கே வெந்நீர், நன்றாக உலர்த்தல், பிறகு எண்ணெய். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் இந்த ஊர்க் காற்று காத்திருக்காது.

தேர்தல் வந்தால் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. ஒப்படைக்கும் முன் குழலுக்குள்ளும் போல்ட்டிலும் தாராளமாக எண்ணெய் தடவுங்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதைத் துடைத்து எடுங்கள். எண்ணெய் தேங்கிய குழலோடு சுடுவதும் ஆபத்து. தோல் உறைக்குள்ளேயே வருஷக்கணக்கில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும்.

இனி அந்தப் பச்சை பூத்த கூடுகள். "இதெல்லாம் எங்க தம்பி வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். கருவாட்டுக் கிடங்கின் பரண் மேலாம். சுடாத தோட்டாக்களும் அங்கேதானாம். கூடு ஒன்றை லென்ஸ் வைத்துப் பார்த்தால் கழுத்தில் தலைமுடி போல ஒரு விரிசல்.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் ராணுவத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. அந்தப் பருவத்தில் வந்ததால் 'சீசன் கிராக்கிங்' என்றே பெயர் வைத்தார்கள். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்து, செய்யும்போதே இறுக்கம் ஏறிய பித்தளையைப் பிளந்திருக்கிறது. 1921இல்தான் காரணத்தைத் தெளிவாக எழுதினார்கள். மீன் கெடும்போதும் அம்மோனியா கிளம்பும். தேவிபட்டினத்துக் கருவாட்டுப் பரணுக்கும் அந்தக் குதிரை லாயத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கோழிக்கூடு, மாட்டுக் கொட்டகை, உர மூட்டை அடுக்கிய அறை எல்லாம் இதே கணக்குதான். கழுத்து விரிந்த தோட்டா குண்டைச் சரியாகப் பிடிக்காது, அதன் பிறகு குறி பற்றிப் பேச ஒன்றுமில்லை.

தகரக் கூரைக்கு அடியிலும் வேண்டாம். புகையற்ற மருந்து சூட்டில் மெல்லச் சிதையும். வீட்டுக்குள் சூடு குறைந்த அறையில், பூட்டிய பெட்டியில், மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். வாங்கிய வருஷத்தை மேலே எழுதுங்கள். வெவ்வேறு வருஷத் தோட்டாவைக் கலக்காதீர்கள். குண்டுகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று பார்க்கும் குரூப்பிங் ஒன்றுக்கே தம்பி மூன்று வகைத் தோட்டா சுட்டிருக்கிறார்!

தயாரிக்காமலேயே துல்லியம் கூடுமா என்று கேட்கிறவர்களுக்கு: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டி .22 தோட்டாவில் நடப்பது. அதில் கேப் தனியாகக் கிடையாது, கூட்டின் விளிம்புக்குள்ளேயே கலவை இருக்கும், அதனால் யாரும் மறுபடி நிரப்புவதில்லை. பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அவர்கள் செய்வதெல்லாம், தொழிற்சாலை ஒவ்வொரு தடவையாகச் செய்து எண் போட்ட தொகுதிகளில், அதாவது லாட்களில், பலவற்றைத் தங்கள் குழலில் சுட்டுப் பார்த்து, ஒத்துப்போகிற லாட்டை மொத்தமாக வாங்கி வைப்பதுதான். நாமும் அதைச் செய்யலாம். கடையில் ஒரே லாட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

குறி எதற்கு இவ்வளவு அவசரமாக வேண்டும் என்று கடைசியில் கேட்டேன். மிளகாய்த் தோட்டத்தில் பன்றித் தொல்லை என்று ஆரம்பித்து, முயல், கௌதாரி என்று இழுத்தார். நான் நிறுத்தினேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. பிடிபட்டால் சிறை மட்டும் இல்லை, பயன்படுத்திய துப்பாக்கியும் வண்டியும் அரசுடைமையாகும். நம் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை என்று கண்மாய்க்குக் கண்மாய் பறவைகள் சரணாலயம் வேறு. தோட்டத்தில் பன்றி இறங்கினால் வனத்துறையிடம் எழுதிக் கொடுங்கள், சேதத்துக்கு மனு போடுங்கள். தாத்தா காலத்து வேட்டைக் கதை தாத்தாவோடு போகட்டும்.

கட்டையைப் பிரித்து உலர்த்தி, உள்பக்கம் எண்ணெய் ஊட்டி, குழலை உரசும் இடத்தைச் சீவி, திருகுகளை முறைப்படி இறுக்கினேன். குழல் வாயைத் திருத்தினேன். குழலுக்குள் இருந்த செம்புப் படிவை எடுக்கவே இரண்டு நாள் ஆனது. பிறகு கிளப் ரேஞ்சில், ஒரே லாட் புதுத் தோட்டா ஐந்தைத் தம்பியே சுட்டார். ஐந்தும் உள்ளங்கைக்குள் விழுந்தன. அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"அப்ப அந்தப் பெட்டிய என்னண்ணே செய்ய?"

கணக்கெழுதி முறைப்படி ஒப்படைத்து, எழுத்தில் ரசீது வாங்கச் சொன்னேன்.

"ஞாபகத்துக்கு அந்த விரிசல் விட்டத மட்டும் ஒண்ணு வச்சுக்கிரவா?"

"அதையும் சேத்து எண்ணிக் குடுங்க தம்பி."