டிஸ்க்கை அழிப்பதற்கு முன் அதன் வரைபடத்தைத் தேடுங்கள்

பழைய கணினி பழுதாகிவிட்டது. அதன் ஹார்ட் டிஸ்க் மட்டும் நன்றாக இருக்கிறது. அதைக் கழற்றி, லினக்ஸ் ஓடும் புதுக் கணினியில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, உள்ளே இருப்பதைத் திறந்து காட்டும் மவுண்ட் கட்டளை கொடுக்கிறோம். ‘எல்விஎம்2 மெம்பர்’ என்ற ஃபைல் சிஸ்டம் எனக்குத் தெரியாது என்று ஒரு வரி வந்து நிற்கிறது. டிஸ்க் போய்விட்டது என்று பயந்து இந்த இடத்தில் ஃபார்மேட் செய்துவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் படங்களும் ஆவணங்களும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். டிஸ்க்கில் பிரித்த பகுதியான பார்ட்டிஷனுக்கும், கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஃபைல் சிஸ்டத்துக்கும் நடுவில் இன்னோர் அடுக்கு இருக்கிறது என்பதுதான் அந்த வரியின் பொருள்.

அந்த அடுக்கின் பெயர் எல்விஎம், அதாவது லாஜிக்கல் வால்யூம் மேனேஜர். ஹெயின்ஸ் மவுல்ஸ்ஹாகன் 1998-ல் லினக்ஸுக்காக இதை எழுதினார். எச்பி நிறுவனத்தின் யூனிக்ஸில் ஏற்கெனவே இருந்த ஏற்பாடுதான் அவருக்கு முன்மாதிரி. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை பல ஆண்டுகள் இதைத் தானாகவே நிறுவி வந்தது. 2020-ல் வந்த 33-ஆம் பதிப்பில்தான் டெஸ்க்டாப்புக்கு அதற்குப் பதிலாக பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் வந்தது. அதனால் எல்விஎம் என்ற பெயரையே கேட்டிராதவர்களின் டிஸ்க்கிலும் அது இருக்கலாம்.

ஒரே பட்டாவில் பல சர்வே எண்கள் இருப்பதுண்டு. கிணற்றடியில் கொஞ்சம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் என்று நிலம் சிதறிக் கிடந்தாலும் காகிதத்தில் அது ஒரே சொத்து. எல்விஎம் டிஸ்க்குகளை அப்படித்தான் நடத்துகிறது. டிஸ்க்கை, அல்லது அதன் பார்ட்டிஷனை, முதலில் ‘ஃபிசிக்கல் வால்யூம்’ ஆக்கி, வழக்கமாக 4 எம்ஐபி (மெபிபைட்) அளவுள்ள துண்டுகளாகப் பிரிக்கிறது. 1 டிபி டிஸ்க்கில் இப்படி ஏறக்குறைய 2,38,000 துண்டுகள் கிடைக்கும். பல டிஸ்க்குகளின் துண்டுகளையும் ஒன்றாகக் கொட்டிவைத்த குவியல்தான் ‘வால்யூம் குரூப்’, சுருக்கமாகக் குழு. அந்தக் குவியலிலிருந்து வேண்டிய அளவு எடுத்துக் கட்டியது ‘லாஜிக்கல் வால்யூம்’. ஃபைல் சிஸ்டம் குடியிருப்பது இந்தக் கடைசி இடத்தில். மவுண்ட் செய்ய வேண்டியதும் இதைத்தான்.

500 ஜிபி டிஸ்க்கும் 1 டிபி டிஸ்க்கும் சேர்ந்த குவியலில் 1.2 டிபி-க்கு ஒரு லாஜிக்கல் வால்யூம் கட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 1,19,000 சொச்சம் துண்டுகள் சின்ன டிஸ்க்கில் முடிந்துவிடும், மீதி பெரிய டிஸ்க்கில் தொடரும். ஃபைல் சிஸ்டத்துக்கு இது எதுவும் தெரியாது. அது 1,20,000-ஆவது துண்டைக் கேட்டால், லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள டிவைஸ் மேப்பர் தன் அட்டவணையைப் பார்த்து, இரண்டாவது டிஸ்க்கின் சரியான இடத்துக்கு அந்தக் கோரிக்கையைத் திருப்பிவிடும். செலவு ஒரு கூட்டல் கணக்கு அளவுதான். எனக்கு எல்விஎம்மில் மிகவும் பிடித்த இடம் இது: இத்தனை பெரிய வசதிக்கு அடியில் இவ்வளவு எளிய ஓர் அட்டவணை!

அந்த அட்டவணைக்கான வரைபடம் டிஸ்க்கிலேயே, அதன் தொடக்கப் பகுதியில், படிக்கக்கூடிய எழுத்துகளாகவே இருக்கிறது. வழக்கமான அமைப்பில், குழுவிலுள்ள ஒவ்வொரு டிஸ்க்கிலும் முழுக் குழுவின் வரைபடத்துக்கும் ஒரு பிரதி இருக்கும். டிஸ்க்குகளை அடையாளம் காண்பது அவற்றில் எழுதப்பட்ட யுயுஐடி என்ற தனி அடையாள எண்ணை வைத்து. ஆகவே எந்தக் கேபிளில் மாட்டினீர்கள், லினக்ஸ் வைக்கும் டிஸ்க் பெயர் நேற்று எஸ்டிஏ என்று வந்தது இன்று எஸ்டிபி ஆகிவிட்டதா என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை.

சரி, மவுண்டுக்கு வருவோம். ‘பிவிஎஸ்’, ‘விஜிஎஸ்’, ‘எல்விஎஸ்’ என்ற மூன்று கட்டளைகளையும் ஓட்டினால் டிஸ்க், குழு, வால்யூம் மூன்றும் பட்டியலாக வரும். வரைபடம் கெர்னலில் ஏறாமலிருந்தால் ‘விஜிசேஞ்ச்’ கட்டளையால் குழுவை உயிர்ப்பிக்க வேண்டும். அப்புறம் டெவ் அடைவுக்குள் குழுவின் பெயரில் ஓர் அடைவும், அதனுள் வால்யூமின் பெயரும் தோன்றும். அதைக் கொடுத்தால் மவுண்ட் ஆகிவிடும். முதல் முறை படிக்க மட்டும் திறப்பது நல்லது. ரெட் ஹாட் நிறுவனத்தின் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 போன்ற புதிய அமைப்புகளில் அனுமதித்த டிஸ்க்குகளுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் சேர்க்காத டிஸ்க்கை எல்விஎம் கண்டுகொள்ளாது. பட்டியலில் எதுவும் வராவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

சிக்கலான இடம் ஒன்று உண்டு. இரண்டு கணினிகளிலும் ஒரே லினக்ஸை நிறுவியிருந்தால், இரண்டு குழுக்களுக்கும் ஒரே பெயர் விழுந்திருக்கலாம். பழைய ரெட் ஹாட்டில் ‘வால்குரூப்00’ என்ற பெயர் அப்படிப் பல கணினிகளில் இருந்தது. ஒரே பெயரில் இரண்டு குழுக்கள் வந்தால் எல்விஎம் தடுமாறும். பழைய டிஸ்க்கின் குழுவை யுயுஐடி எண்ணால் சுட்டி, ‘விஜிரீநேம்’ கொண்டு பெயர் மாற்றினால் தீர்ந்தது. அந்த டிஸ்க்கைத் திரும்பப் பழைய கணினியில் போட்டு பூட் செய்வதாக இருந்தால் மட்டும், அதன் பூட் அமைப்பிலும், எதை எங்கே மவுண்ட் செய்வது என்று குறித்துவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பிலும் பெயரை மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டு டிஸ்க்குகளில் பரவிய வால்யூமில் ஒன்றை மட்டும் கொண்டுவந்தால் அது சாதாரணமாக உயிர்ப்பெறாது. எல்விஎம் அடுக்கும் வேலையைச் செய்கிறது; நாம் தனியாகக் கேட்டாலொழிய நகல் வைப்பதில்லை. ஆகவே கழற்றும்போதே எத்தனை டிஸ்க்குகள் ஒரே குழுவில் இருந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது டிஸ்க்கை எஃப்எஸ்டேப்பில் சேர்க்கும்போது ‘நோஃபெயில்’ என்ற சொல்லையும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால், அந்த டிஸ்க்கைக் கழற்றிய அன்று கணினி பாதியில் அவசர நிலைக்குப் போய் நின்றுவிடக்கூடும்.