அலர்ஜிக்கு அவில் போட்டாச்சு, அப்புறம் என்ன?

போன வாரமும் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இறால் ஆகாத பிள்ளை. மத்தியானம் பக்கத்துப் பையனின் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு வாய் துவையல், அதில் சென்னாக்குனி என்கிற பொடி இறால். உதடு வீங்கி, இரண்டு தடவை வாந்தி எடுத்து, குரல் கம்மியிருந்தது. "அப்பவே அவில் குடுத்துட்டோம் டாக்டர், தடிப்புகூட அமுங்கிருச்சே" என்றார் டீச்சர்.

தடிப்பு அமுங்கும். அவிலும் செட்ரிசினும் அதற்குத்தான். மூச்சுக்குழாய் இறுகுவதையும் ரத்த அழுத்தம் சரிவதையும் அவற்றால் நிறுத்த முடியாது. அவிலை ஊசியாகப் போட்டாலும் அதே கதைதான். டெக்ஸா என்கிற ஸ்டீராய்டு வேலை செய்யவே மணிக்கணக்காகும். தோல் தெளிந்துவிட்டது என்று நம்பி அரை மணி நேரம் பெஞ்சில் படுக்கவைத்துப் பார்க்கிறீர்களே, பிள்ளை கைநழுவுவது அந்த நேரத்தில்தான்.

உயிரைக் காப்பது அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில், உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பேனா மாதிரி தானே குத்திக்கொள்ளும் ஊசி நம் மருந்துக்கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை, சரி. ஆனால் ஆம்பூல், அதாவது மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி, மலிவு, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கும். அதைத் தாண்டி, பாம்பன் பாலமும் கடந்து, ராமநாதபுரத்துக்கு ஏன் காரை விரட்டுகிறீர்கள்? (அட்ரினலின் என்றதும் தயங்கும் சக டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை: தசையில் சரியான அளவு போட்டால் பயப்பட ஒன்றுமில்லை. தாமதம்தான் ஆபத்து.)

"கடக்கரையில பொறந்துட்டு இறால் ஆகாதாமே" என்று கேலி செய்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குகிற பாட்டிமார்களே, வேண்டாம். வேகவைத்தாலும் காயவைத்தாலும் அந்தப் புரதம் அழியாது. இறால் ஆகாவிட்டால் நண்டும் பெரும்பாலும் ஆகாது. மீன் வேறு சங்கதி, டாக்டரைக் கேட்காமல் அதையும் நிறுத்திவிடாதீர்கள்.

முட்டை ஆகாத பிள்ளை யாரென்று சத்துணவு அக்காவுக்கும் தெரியட்டும். வீக்கத்தோடு இரைப்போ வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே 108. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரட்டும், நடக்கவிடாதீர்கள். டூவீலரில் இரண்டு பேருக்கு நடுவே செருகிக்கொண்டு வராதீர்கள்.

"வியாதிக்காரப் பிள்ளைன்னு பேர் வந்துரும்" என்று பள்ளியில் மறைக்கும் அம்மாக்களே, டாக்டர் சீட்டின் ஒரு நகலை வகுப்பு டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஊசி போட்டுப் பிள்ளை எழுந்து விளையாட ஆரம்பித்தாலும், டாக்டர் அனுப்பும்வரை ஆஸ்பத்திரியிலேயே இருங்கள். சிலருக்குச் சில மணி நேரம் கழித்து அலர்ஜி மறுபடியும் வரலாம்.