“மோஷன் போறானே டாக்டர், அப்புறம் எப்படி அடைப்பு?”

மாம்பழ சீசன் தொடங்கிவிட்டால் நாய்களுக்கு வயிற்று ஆபரேஷன் செய்யும் எங்களுக்கு ஓய்வு கிடையாது. ஏப்ரலில் ஆரம்பித்து ஜூலை தாண்டும்வரை மாங்கொட்டை விழுங்கிய நாய்கள் வந்தபடியே இருக்கும். நாய் விழுங்கியதில் எங்களுக்குக் கோபமில்லை. சாறு ஒட்டிய கொட்டை கிடைத்தால் எந்த நாயும் விடாது. கோபம் வருவதெல்லாம் நான்காம் நாள் தூக்கிக்கொண்டு வருகிறீர்களே, அதில்தான். கண் உள்ளே போய், ஈறு காய்ந்து பிசுபிசுத்து, வயிற்றில் கை வைத்ததும் முதுகை வில்லாக வளைக்கும் நிலையில் வருகிறது. எப்போதிருந்து வாந்தி என்று கேட்டால், “செவ்வாய்க்கிழமையிலிருந்து. ஆனா மோஷன் போயிட்டுத்தான் இருந்தான் டாக்டர், அதான் தானா வந்துடும்னு இருந்துட்டோம்” என்பதே பதில். எந்த ஊர், எந்த வீடு என்றாலும் இதே பதில்தான்.

இந்த ஒன்றை இன்று விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாயின் பெருங்குடலில் முந்தைய நாளும் அதற்கு முந்தைய நாளும் தின்றதன் கழிவு ஏற்கெனவே தங்கியிருக்கும். கொட்டை போய் அடைப்பது சிறுகுடலில். அடைப்புக்குப் பின்னால் இருப்பதற்குத்தான் வழியில்லை. முன்னால் போய்விட்டதற்குத் தடை ஏதுமில்லை. அது தன்பாட்டுக்கு வெளியேறும். ஆகவே அடைப்பு விழுந்த அன்றும் மறுநாளும் மலம் வருவது சாதாரணம். அது பழைய சாப்பாட்டின் மலம். மூன்றாம் நாள் கொஞ்சமாக, தண்ணீராக, சளியோடோ ரத்தத்தோடோ வரும். உடனே “லூஸ் மோஷன்” என்று மெடிக்கலில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுப்பீர்கள். முழுதாக அடைக்காமல் ஒரு ஓரத்தில் சந்து விட்டு நிற்கும் பொருள் என்றால் திரவம் அதைச் சுற்றிக் கசிந்து போய்க்கொண்டேயிருக்கும். வாரக்கணக்கில்கூட மலம் வரும். ஆகவே மலத்தை வைத்துக் குடலை எடைபோடாதீர்கள். வாந்தியைப் பாருங்கள். குடித்த தண்ணீர் அரை மணி நேரம் உள்ளே நிற்கிறதா என்று பாருங்கள்.

சின்னதாக, வழவழப்பாக இருப்பவை பெரிய நாய்க்கு வெளியே வந்துவிடுவது உண்டு, அதை மறுக்கவில்லை. முப்பது கிலோ லாப்ரடார் ஒரு சிறு கூழாங்கல்லை விழுங்கி, வாந்தி இல்லாமல், நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நாங்களே காத்திருக்கச் சொல்வோம். ஆனால் அந்தக் காத்திருப்புக்குக் கணக்கு உண்டு. இன்று ஒரு எக்ஸ்ரே, 24 மணி நேரம் கழித்து இன்னொன்று. கல் குடலில் இறங்கி நகர்ந்திருக்கிறதா, அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்போம். வீட்டில் ஒவ்வொரு முறை மலம் போனதும் குச்சியால் கிளறிப் பார்த்துக் கல் வந்ததை உறுதி செய்ய வேண்டும். இடையில் ஒரே ஒரு வாந்தி என்றாலும் காத்திருப்பு அத்தோடு முடிந்தது.

மாங்கொட்டைக்கு இந்தச் சலுகை கிடையாது. சதையோடு வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கிவிடும். இரைப்பையில் சதை கரைந்தபின் நார் சிலிர்த்து நிற்கும். சில நாயில் வாரக்கணக்கில் இரைப்பையிலேயே கிடந்து, அவ்வப்போது வாந்தி, அப்புறம் சரியாகிவிட்டது போலத் தோற்றம் என்று ஏமாற்றும். ஒருநாள் சிறுகுடலுக்குள் நுழைந்து ஆப்பு வைத்ததுபோல் இறுகிவிடும். வெளியே எடுக்கும்போது கொட்டை கறுத்திருக்கும். நார் குடலின் உள்சவ்வில் பிரஷ்போல் குத்திக்கொண்டிருக்கும். சீக்கிரம் வந்த நாயில் அந்த இடம் சிவந்து வீங்கியிருக்கும், அவ்வளவுதான். கொட்டைக்கு அப்பால் நல்ல குடலில் சிறு கீறல் போட்டு எடுத்துவிட்டுத் தைத்துவிடலாம். நான்காம் நாள் வந்த நாயில் குடல் நாவல்பழ நிறத்தில் இருக்கும். அப்புறம் அந்தத் துண்டையே வெட்டி எறிந்து இரு முனைகளையும் இணைக்க வேண்டும். அந்தத் தையல் விட்டுப்போகும் ஆபத்து ஆபரேஷன் முடிந்த மூன்றிலிருந்து ஐந்தாம் நாள் வரை அதிகம். முதல் நாளே வந்து, கொட்டை இரைப்பையில் இருக்கும்போதே எடுத்திருந்தால் இந்தப் பாடு எதுவும் இல்லை.

எதையோ விழுங்கியது என்று தெரிந்து, ஒரே ஒரு வாந்தி வந்தாலும் கிளம்பிவிடுங்கள். விழுங்கியதைப் பார்க்கவில்லை என்றாலும், வாந்தியோடு பிடித்த சாப்பாட்டையும் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனால், முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் பின்புறத்தைத் தூக்கிக் கும்பிடுவதுபோல் நின்றால், அது வயிற்று வலி. காலை வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

இனி வீட்டு வைத்தியம். விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். அடைத்த குடலைப் பேதி மருந்தால் முறுக்கினால் குடல் கிழியும். வாந்தி எடுக்கிற நாய்க்கு எண்ணெய் புகட்டினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். உப்புக் கரைசல் ஊற்றாதீர்கள். உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் உப்பே நச்சு அறிகுறி காட்டப் போதும். 4 கிராம் உயிரையே எடுக்கலாம். ஒரு டேபிள்ஸ்பூன் உப்பு சுமார் 18 கிராம். ஐந்து கிலோ குட்டிக்கு அது என்ன செய்யும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு இரைப்பையைப் புண்ணாக்கும். மனிதருக்கான வாந்தி மாத்திரையும் வேண்டாம். வாந்தி நிற்கும், அடைப்பு நிற்காது. எங்களுக்கிருந்த ஒரே அறிகுறியையும் அழித்துவிட்டு இரண்டு நாள் கழித்து வருவீர்கள். வலி மாத்திரை, அது பாராசிட்டமாலோ புரூஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ, எதுவும் கூடாது.

வாந்தி எடுக்க வைக்க வேண்டியிருந்தால் அதற்கு ஊசி இருக்கிறது; அதை மருத்துவமனையில் போடுவோம். விழுங்கி இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் சாக்ஸ், துணி போன்ற மென்மையான பொருள் பல நேரம் அப்படியே வந்துவிடும். ஆபரேஷன் இல்லை, தையல் இல்லை. கூரானது, பேட்டரி, ஆசிட், மண்ணெண்ணெய் என்றால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

“எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள்” என்று படத்தைச் சுருட்டி வைத்துவிடுவதும் சரியல்ல. கல், எலும்பு, உலோகம் தெளிவாகத் தெரியும். துணி, பிளாஸ்டிக், மக்காச்சோளத் தக்கை, மாங்கொட்டை எல்லாம் பெரும்பாலும் தெரியாது. நாங்கள் பார்ப்பது குடல் எவ்வளவு உப்பியிருக்கிறது என்பதை. சிறுகுடலின் அகலம் ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின் உயரத்தைப்போல் 1.6 மடங்கைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். அடுத்து ஸ்கேன். ஸ்கேன் வசதி உள்ளூரில் இல்லையென்றால் வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. எழுதிக் கொடுத்தால் தயங்காமல் போங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது நூல். பூச்சரத்தை முன்பெல்லாம் வாழைநாரில் கட்டினார்கள். இப்போது பெரும்பாலும் நூல்தான். சாமி படத்திலிருந்து கழற்றிய வாடிய சரத்தையும், கறி வாங்கிய பையைக் கட்டிய சணலையும் நாய் தின்னும். நூலின் ஒரு முனை நாக்குக்கு அடியிலோ இரைப்பையின் வாயிலோ மாட்டிக்கொள்ளும், மறுமுனை குடலில் இறங்கும். குடல் நூலின் மேல் ஏறி ஏறி, பாவாடை நாடாவில் துணி சுருங்குவதுபோல் சுருங்கும். குடல் அசைய அசைய, இறுகிய நூல் அதை அறுக்கும். வாந்தி எடுக்கும் குட்டியின் வாயைத் திறந்து, தாடைக்குக் கீழே கட்டைவிரலால் மேலே அழுத்தி நாக்கைத் தூக்கிப் பாருங்கள். அடிநாக்கில் மெல்லிய கோடாக நூல் பதிந்திருப்பது தெரியும். தெரிந்தால் இழுக்காதீர்கள். ஆசனவாயில் நூல் தொங்கினாலும் இழுக்காதீர்கள், தயவுசெய்து. உள்ளே எத்தனை இடத்தில் அறுபடும் என்று சொல்ல முடியாது. அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

எலும்பு தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் சிக்கினால் எச்சில் ஒழுகும், கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கப் பார்க்கும், தின்றது தின்றபடியே திரும்பி வரும். சோற்று உருண்டை போட்டு உள்ளே தள்ளாதீர்கள். எலும்பு குழாயைக் கிழித்துக்கொண்டு நெஞ்சுக்குள் போகும். அன்றே எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும். நல்லி எலும்பின் வளையம் கீழ்த்தாடையில் மாட்டிக்கொண்டால் வீட்டில் கட்டிங் பிளேயரோடு போராட வேண்டாம், மயக்கம் கொடுத்து வெட்டிவிடுவோம். ரிமோட்டிலும் விளையாட்டுச் சாமானிலும் இருக்கும் பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் தங்கினால் பதினைந்து முப்பது நிமிடத்திலேயே சதை வேக ஆரம்பிக்கும். அதற்கு “பார்ப்போம்” என்ற பேச்சே கிடையாது.

இன்னொன்று. நாப்கின், டயப்பர், உள்ளாடை. இதைச் சொல்ல வெட்கப்பட்டு “என்ன சாப்பிட்டான்னு தெரியல” என்கிறீர்கள். நாப்கினுக்குள் இருக்கும் பொடி ஈரத்தை உறிஞ்சிப் பல மடங்கு ஊதும். ரத்த வாடைக்கு நாய் குப்பைக்கூடையைத் தேடிப் போகும். இதில் யார் தப்பும் இல்லை. எங்களுக்கு இது தினசரி வேலை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அரை நாள் மிச்சமாகும்.

கல், மண், சுவர்ச் சுண்ணாம்பு தின்றால் கால்சியம் குறைவு என்று டானிக் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்ல டாக் ஃபுட் தின்னும் பெரிய இனக் குட்டிக்கு மேலும் கால்சியம் ஊற்றினால் எலும்பு வளர்ச்சிதான் கெடும். டானிக் வாங்கும் முன் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் ரத்தசோகை. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் கொக்கிப்புழுவும் அதற்கு முக்கியக் காரணங்கள். ரத்தப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் செய்தால் தெரிந்துவிடும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாய்க்கும் பசி தாங்காது. இவையெதுவும் இல்லாமல் மூன்று மாதம் முதல் ஏழு மாதம் வரையுள்ள குட்டி எதையும் கடித்தால் பல் முளைக்கிறது. நாள் முழுக்கக் கட்டிப்போட்ட பெரிய நாய் கல்லைக் கடித்தால் அதற்குப் பொழுது போகவில்லை; காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப் போங்கள்.

வாயில் எதையாவது கவ்வியதும் கத்திக்கொண்டு துரத்துகிறீர்களே, அப்போதுதான் பல நாய்கள் விழுங்குகின்றன. பிடுங்க வருகிறார்கள் என்று தெரிந்தால் பத்திரமான இடம் வயிறுதான். குட்டியிலிருந்தே “விடு” பழக்குங்கள். பொம்மையைக் கவ்வியிருக்கும்போது மூக்கருகே ஒரு கறித்துண்டைக் காட்டுங்கள், வாய் திறந்ததும் “விடு” சொல்லிக் கறியைக் கொடுங்கள், பொம்மையையும் திருப்பிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, இரண்டு மூன்று வாரம். கொடுத்தால் நஷ்டமில்லை என்று நாய்க்குப் புரிய வேண்டும். பந்து கோரைப்பல்லுக்குப் பின்னால் முழுதாக நுழையாத அளவில் இருக்கட்டும். கயிற்றுப் பொம்மை பிரிய ஆரம்பித்ததும் குப்பையில் போடுங்கள்; பிரிந்த கயிறும் நூல்தான்.

மாம்பழம் தின்றால் எண்ணிக்கையைக் கவனியுங்கள்: ஐந்து பழம் நறுக்கினால் ஐந்து கொட்டை மூடியுள்ள தொட்டிக்குள் போக வேண்டும். கடற்கரையில் நடக்கும்போது சோளத் தக்கையும் கபாப் குச்சியும் கிடக்கும், சங்கிலியைத் தளர்த்தாதீர்கள். தெரு நாய்க்கு மீந்த பிரியாணி வைக்கிற நல்ல மனசுக்காரர்கள், எலும்பைப் பொறுக்கிவிட்டு இலையிலோ காகிதத்திலோ கொட்டுங்கள். குழம்பு நனைந்த பிளாஸ்டிக் கவரோடு வைத்தால் கவரையும் சேர்த்தே தின்னும். அதைத் தூக்கிக்கொண்டு வர அந்த நாய்க்கு ஆள் இல்லை.

விழுங்கிவிட்டது என்றால் வரும் வழியில் சோறு, பால், தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வெறும் வயிறு வேண்டும். எத்தனை மணிக்கு விழுங்கியது, கடைசியாக எப்போது சாப்பிட்டது, எத்தனை முறை வாந்தி என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். வாந்தியைப் படம் எடுங்கள். கடித்துக் குதறிய பொம்மையின் மிச்சம், பேட்டரியின் அட்டை, ஜோடியில் மிஞ்சிய ஒற்றைச் சாக்ஸ், எது இருக்கிறதோ அதை ஒரு கவரில் போட்டு நாயோடு கொண்டு வாருங்கள்.